தூக்கத்தை ஆற்றில் விடும் ஊர்கள்: ஜப்பானில் ஓர் ஆகஸ்ட்

ஆகஸ்ட் 3, அகிதா

"ஆகஸ்ட்ல வா. வெயில் கொளுத்தும், ரூம் கிடைக்காது, ஆனாலும் ஆகஸ்ட்லதான் வரணும்" என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். யோகோஹாமாவில் பல வருடமாகக் குடியிருப்பவள். செர்ரிப் பூக்கும் காலத்தில் வருகிறேன் என்று நான் இழுத்தபோதெல்லாம் பிடிகொடுக்கவில்லை. பூவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், இந்த நாட்டு ஜனங்கள் வீதிக்கு வருவதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட்தான் என்பது அவள் கட்சி.

தோக்கியோவிலிருந்து கொமாச்சி ஷின்கான்சென்னில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மொரியோகா தாண்டியதும் ரயில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒற்றைத் தடத்தில் மலைக்குள் நுழைகிறது. மலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் நெல் வயல்தான். அகிதா அரிசிக்குப் பேர்போன மாவட்டம். ராத்திரி பார்த்ததைப் புரிந்துகொள்ள இந்த வயல்களைப் பகலில் பார்த்துவிடுவது நல்லது.

காந்தோ திருவிழா ஆகஸ்ட் 3 முதல் 6 வரை. இருட்டத் தொடங்கியதும் நகரின் அகலமான சாலை ஒன்றில் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பேட்டை பேட்டையாக ஆட்கள் படுக்கைவாட்டில் மூங்கில்களைச் சுமந்து வருகிறார்கள். நீளமான ஒரு மூங்கில், அதன் குறுக்கே ஒன்பது மூங்கில், அவற்றில் 46 காகித விளக்குகள். பெரிய அளவுக் கம்பத்தின் உயரம் 12 மீட்டர், எடை 50 கிலோ. விளக்குகளுக்குள் எரிவது நிஜ மெழுகுவத்தி. ஒரு சைகை, அவ்வளவுதான்: 280 கம்பங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றன. பத்தாயிரம் விளக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சம் அசைகிறது.

எங்களுக்கு முன்னால் நின்ற குழுவில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். முதலில் இரண்டு கையாலும் பிடித்துக் கம்பத்தை நிலைப்படுத்தினான். அப்புறம் ஒரு உள்ளங்கையில் ஏந்தினான். அடியில் இன்னொரு மூங்கில் துண்டைச் செருகிக் கம்பத்தை மேலும் உயர்த்தினார்கள். அதை நெற்றியில் வைத்துக் கைகளை விரித்தான். நெற்றியிலிருந்து தோளுக்கு மாற்றினான். கடைசியில் இடுப்புக்கு. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அந்தச் சாய்வின் மேல் கம்பத்தை நிறுத்திவிட்டு, ஒரு கையில் விசிறியை விரித்து வீசிக்கொண்டான். இடுப்பில் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கடினம் என்கிறார்கள். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகத்தில் மட்டும் ஒரு சிரமமும் காட்டவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் "தொக்கோய்ஷோ, தொக்கோய்ஷோ" என்று குரல் கொடுக்க, தாளம் அவன் காலுக்குள் இறங்கியது. செருகச் செருக மூங்கில் வில்லாக வளைந்து, விளக்குக் கொத்து மொத்தமும் தலைகுனிந்தது. முற்றிய கதிர் அப்படித்தான் குனியும். விளைச்சலை வேண்டி நிறுத்தப்படும் விளக்கு அது. அதனால் நேராக நிற்கும் கம்பத்தைவிட வளைந்து நிற்கும் கம்பத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கம்பங்கள் சாயவும் செய்கின்றன. பார்வையாளர்கள் பக்கம் விழாமலிருக்க நடைபாதையை ஒட்டி உயரத்தில் கம்பி கட்டியிருக்கிறார்கள். சாய்ந்த கம்பத்தை இறக்கி, அணைந்த விளக்குகளை ஏற்றி, மறுபடி நிறுத்தினார்கள். விழுந்ததற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து மீட்டர், ஐந்து கிலோவில் தனிக் கம்பம் உண்டு. நாலாம் வகுப்புக்கு மேல் இருக்காது, ஒரு பையன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றான். பக்கத்தில் அவன் அப்பா தொடாமல் கைகளை மட்டும் தயாராக வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 4, அகிதாவிலிருந்து ஹிரோசாகி

பகலில் காந்தோ வீரர்களுக்குப் போட்டி நடக்கிறது. ராத்திரி தெரியாத நுணுக்கம் பகலில் தெரிகிறது. அவர்கள் கண் முழுக்கக் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது, கீழே பார்ப்பதே இல்லை. வெளியே சாலையோரம் வண்ணக் குடையின் கீழ் வயதான பெண்கள் ஐஸ் விற்கிறார்கள். அகிதாவுக்கே உரிய காட்சி இது. கோன் ஐஸ்தான், ஆனால் தட்டையான கரண்டியால் இளஞ்சிவப்பையும் மஞ்சளையும் இதழ் இதழாக ஒட்டி ரோஜாப்பூ ஆக்கிக் கொடுத்துவிடுகிறார் அந்தப் பாட்டி.

கம்பத்தின் உச்சியில் வெள்ளைக் காகிதக் கொத்து ஒன்று இருக்கும், தெய்வத்துக்கு உரியது. விழா முடிந்து, 7ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கொத்துகளை எல்லாம் அசாஹி ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஏன் ஆற்றில்? இந்த விழாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. கோடையின் உச்சத்தில், வயலில் வேலை நெருக்கும் நாளில் வரும் மந்தத்தையும் தூக்கத்தையும் நோய் கொண்டுவரும் தீட்டாகவே பழைய குடியானவர்கள் பார்த்தார்கள். மூங்கிலிலும் மரக்கிளையிலும் வேண்டுதல் சீட்டுகளைக் கட்டி, ஊரைச் சுற்றி வந்து, அந்தத் தூக்கத்தையும் சேர்த்து ஆற்றோடு அனுப்பினார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாளை ஒட்டி நடக்கும் சடங்கு. மெழுகுவத்தியும் விளக்கும் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து சேர, கம்பம் உயர உயர வளர்ந்தது. 1789ஆம் ஆண்டுப் பயணக் குறிப்பு ஒன்றிலேயே இந்த விளக்குக் கம்பங்கள் பற்றிப் பதிவு இருக்கிறது.

மாலை ரயிலில் ஹிரோசாகி. இங்கே நெப்புதா விழா ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. விசிறி வடிவில் பெரிய பெரிய விளக்கு ஊர்திகள். முன்பக்கம் வாளோடு வீரர்கள் மோதுகிறார்கள். ஊர்தி நம்மைக் கடந்து போனதும் பின்பக்கம் தெரிகிறது: பெரும்பாலும் ஒரு பெண், சோகமான முகம். போருக்குப் போனவனை வழியனுப்புகிறவள் என்று அக்கா சொன்னாள். கயிறு பிடித்து இழுக்கும் குழந்தைகள் "யா யா தோ" என்று நிதானமாகக் குரல் எழுப்புகிறார்கள். எனக்கு இந்த ஊரின் மெதுவான நடை மிகவும் பிடித்தது.

ஆகஸ்ட் 5, அவோமோரி

துறைமுகத்தை ஒட்டிப் பெரிய கூடாரங்களில் நெபுதா ஊர்திகள் நிற்கின்றன. ராத்திரி ஊர்வலம் போய்விட்டுப் பகலில் இங்கே ஓய்வெடுக்கும். கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நான் காலை முழுவதும் இங்கேதான் இருந்தேன்.

ஒரு ஊர்தி அதிகபட்சம் 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம், சக்கரத்தோடு 5 மீட்டர் உயரம். எடை நாலு டன் வரும். உயரத்தை விட்டு அகலத்தில் வளர்ந்ததற்குத் தெருவில் இருக்கும் மின்கம்பியும் சிக்னலும்தான் காரணம். முதலில் கம்பியால் உருவம் கட்டுகிறார்கள். முன்பு மூங்கில், இப்போது இரும்புக் கம்பி. உள்ளே நூற்றுக்கணக்கில் பல்புகள். கம்பிக் கட்டங்களை ஒவ்வொன்றாக வாஷித் தாளால் மூடி ஒட்டுகிறார்கள். வெள்ளையாக நிற்கும் அந்த உருவத்தின் மேல் மையால் கோடு இழுக்கிறார் நெபுதாக் கலைஞர். புருவம், பல், தசை எல்லாம் அந்தக் கருப்பில்தான் உயிர் பெறுகின்றன. அடுத்தது உருக்கிய மெழுகு. மெழுகு பட்ட இடத்தில் சாயம் பக்கத்து நிறத்தோடு கலக்காது, வெளிச்சமும் நன்றாக ஊடுருவும். கடைசியாகத்தான் வண்ணம்.

ஒரு அசுரனின் முழங்கைக்கு ஒரு அடி தூரத்தில் நின்று பார்த்தேன். தாள்கள் சேரும் இடத்தில் ஒட்டுத் தெரிகிறது. மெழுகுக் கோடு விரல் தடிமனில் அலை அலையாக ஓடுகிறது. கிட்டத்தில் வெறும் தாளும் கம்பியும்தான். நாற்பது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் உடம்பு முறுக்கிக்கொண்டு நம்மேல் பாய வருகிறது.

இந்தக் கலை நெடுங்காலம் ஆண்களின் கையிலேயே இருந்தது. கிதாமுரா அசாகோ என்ற பெண் 2012இல் தன் முதல் பெரிய நெபுதாவைச் செய்து, முதல் பெண் நெபுதாக் கலைஞர் என்று பெயர் பெற்றார். அவருடைய தந்தையும் பேர்பெற்ற கலைஞர். மாதக்கணக்கில் உழைத்துச் செய்யும் இந்த ஊர்திகளை விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். ஒரு சிலவற்றை மட்டும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வா ராஸ்ஸே அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். மற்றவை போய்விடும், அடுத்த வருடம் புதிதாக.

ராத்திரி நாங்களும் ஆடினோம். ஊர்திக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு ஹனேதோ என்று பெயர். அதற்குரிய உடை போட்டிருந்தால் வெளியூர்க்காரரும் சேர்ந்துகொள்ளலாம், உடை வாடகைக்குக் கிடைக்கிறது. வெள்ளை யுகாதா, அதன் கீழ் இளஞ்சிவப்புப் பாவாடைத் துணி, தோளில் குறுக்காகக் கட்டிய பட்டி, பூ வைத்த தொப்பி, உடையெல்லாம் சின்னச் சின்ன மணி. உடை கட்டிவிட்ட அம்மாள் அக்காவின் இடுப்பை இறுக்கியபோது அவள் "மூச்சு விடணும்மா" என்று தமிழில் கத்த, அந்த அம்மாளும் புரிந்தவர்போல ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

ஒரு காலில் இரண்டு துள்ளல், அடுத்த காலில் இரண்டு துள்ளல். "ராஸ்ஸெரா, ராஸ்ஸெரா." பின்னால் பெரிய முரசுகள், குழல், கைத்தாளம். உடையிலிருந்து மணிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே கிடக்கும் மணியை எடுத்தால் அதிர்ஷ்டம் என்று ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் கை நீட்டுகிறார்கள். ஒரு வாண்டுக்கு என் மணி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நன்றி சொன்னது.

ஆகஸ்ட் 6, கோஷோகவாரா

காலையில் விடுதிச் சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மணி 8.15. ஹிரோஷிமாவில் மணி அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் குச்சிகளைக் கீழே வைத்தார்கள். ஒரு நிமிடம் கழித்துத்தான் மறுபடி எடுத்தார்கள்.

மாலையில் கோஷோகவாரா. சின்ன ஊர். ஆனால் இங்கே வரும் ஊர்தியின் உயரம் 23 மீட்டர், எடை 19 டன். ஆறேழு மாடிக் கட்டடம் ஒன்று விளக்கேற்றிக்கொண்டு நகர்ந்து வருகிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்த ஊர்ப் பெரிய புள்ளிகள் போட்டி போட்டு உயரமாகச் செய்தார்கள். மின்சாரம் வந்து தெருவுக்குக் குறுக்கே கம்பி ஓடியதும் ஊர்தி குட்டையாகிப்போனது. பழைய உயரம் ஊராரின் பேச்சில் மட்டும் மிஞ்சியது. 1993இல் பழைய வரைபடம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து 1996இல் ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். 1998 முதல் தெருவிழாவாகவே திரும்பிவிட்டது. இப்போது ஊர்வலம் போகும் பாதையில் மின்கம்பி கிடையாது. ஊர்திகள் நிற்பதற்கென்றே கட்டிய மண்டபத்தின் ராட்சதக் கதவு திறந்து, அந்த உருவம் வெளியே வரும்போது கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ஒரு ஊர் தன் பண்டிகைக்காக மின்கம்பியை நகர்த்தியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

ஆகஸ்ட் 7, அவோமோரி

இன்று கடைசி நாள், ஊர்வலம் பகலில். இரவில் பரிசு வாங்கிய சில நெபுதாக்களைப் படகில் ஏற்றி அவோமோரி விரிகுடாவில் மெதுவாகக் கொண்டுபோகிறார்கள். மேலே வாணவேடிக்கை, கீழே தண்ணீரில் ஊர்தியின் நிழல்.

இந்த ஒரு தேதியில் வடக்கே என்னென்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலை அகிதாவில் காகிதக் கொத்துகள் ஆற்றோடு போகின்றன. ஹிரோசாகியில் இவாகி ஆற்றங்கரையில் நெப்புதாவுக்குத் தீ வைக்கிறார்கள். இங்கே படகேறிக் கடலில் வலம் வருகின்றன. செண்டாயில் அன்றுதான் நட்சத்திர விழா உச்சத்தில் இருக்கிறது. தனித்தனி ஊர், தனித்தனி உருவம். ஆனால் எல்லாம் பழைய நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள் சடங்கின் கிளைகள். அடுத்த வாரம் ஓபோன், முன்னோர்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள். அதற்குள் உடம்பையும் ஊரையும் துடைத்துச் சுத்தமாக்கிக்கொள்வதுதான் இந்த ஆட்டம் பாட்டமெல்லாம். சுற்றுலா விளம்பரங்கள் இவற்றைத் தனித்தனிக் கோடைக் கொண்டாட்டங்களாகவே காட்டுகின்றன. என் கண்ணுக்கு இது ஒரே விழாவின் முன்பாதி.

ஆகஸ்ட் 8, செண்டாய்

செண்டாயின் நட்சத்திர விழாவுக்குத் தனபாதா என்று பெயர், 6 முதல் 8 வரை. நெசவுக்காரி ஒரிஹிமேயும் மாடு மேய்க்கும் ஹிகோபோஷியும் பால்வீதியின் இரு கரையில் பிரிந்திருக்கிறார்கள், வருடத்தில் இந்த ஒரு இரவில்தான் சந்திப்பு. சீனாவிலிருந்து வந்த கதை. ஹிகோபோஷி வேறு யாருமல்ல, நம் திருவோண நட்சத்திரம்தான். ஒரிஹிமே அபிஜித்.

ஜப்பானின் பல இடங்களில் இது ஜூலை 7இல் நடக்கிறது. மழைக்காலம் முடியாத நேரம், நட்சத்திரம் எங்கே தெரியும்? 1873 ஜனவரி 1 அன்று ஜப்பான் சந்திர நாட்காட்டியை விட்டுவிட்டு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. பண்டிகைகளை என்ன செய்வது என்று ஒவ்வொரு ஊரும் ஒரு முடிவுக்கு வந்தது. சிலர் தேதி எண்ணை மட்டும் காப்பாற்றினார்கள். சிலர் ஒரு மாதம் தள்ளி வைத்து, வானத்தையும் வயலையும் காப்பாற்றினார்கள். ஒகினாவாவில் ஓபோனைப் பழைய நாட்காட்டிப்படியே நடத்துகிறார்கள். வடக்கத்தி விழாக்கள் எல்லாம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் குவிந்ததற்கு அந்த ஒரு மாதத் தள்ளல்தான் காரணம்.

கூரை போட்ட கடைவீதியில் பத்து மீட்டருக்கு மேல் உயரமான மூங்கில்கள் வளைந்து நிற்க, அவற்றிலிருந்து காகிதப் பந்துகளும் நீள நீளமான காகித நாடாக்களும் தொங்குகின்றன. நாடாக்களை ஒதுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், முகத்தில் மெத்தென்று படும். ஏழு வகை அலங்காரம் கட்டாயம்: வேண்டுதல் சீட்டு, காகிதக் கிமோனோ, கொக்கு, பணப்பை, மீன் வலை, நாடா, குப்பைக் கூடை. குப்பைக் கூடைதான் என்னை நிறுத்தியது. மற்ற ஆறையும் செய்தபிறகு மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை அந்தச் சின்னக் காகிதக் கூடைக்குள் போட்டு அதையும் தொங்கவிடுகிறார்கள். வீணாக்காமையும் சுத்தமும் அங்கே ஒரு வேண்டுதல்.

1945 ஜூலையில் குண்டு வீச்சில் இந்த நகரின் நடுப்பகுதி எரிந்துபோனது. மறு வருடமே, 1946இல், எரிந்த தெருக்களில் 52 மூங்கில்களை நட்டு அலங்கரித்தார்கள் ஊர்க்காரர்கள். இன்று பல ஊர் தனபாதாவிலும் காணும் பெரிய காகிதப் பந்து, அந்த 1946இல் மோரி கெங்கோரோ என்ற செண்டாய்க் கடைக்காரர் செய்து பார்த்தது.

பச்சை சோயா மொச்சையை அரைத்து இனிப்புச் சேர்த்து அரிசி உருண்டைமேல் பூசிய ஸுண்டா மோச்சி இங்கே கிடைக்கிறது. சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

ஆகஸ்ட் 11, யோகோஹாமா

மலை தினம், தேசிய விடுமுறை. 2014இல் சட்டம் போட்டு 2016இலிருந்து நடைமுறை. துணி துவைத்தோம், தூங்கினோம்.

அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் வருடத்துக்கு 16 விடுமுறை. ஆனால் மனிதர்கள் வீட்டில் எதையாவது செய்யும் நாட்கள் பெரும்பாலும் கருப்பில்தான் இருக்கின்றன. பிப்ரவரித் தொடக்கத்தில் சோயா வறுத்து வீசி அசுரனை விரட்டும் செத்சுபுன் சிவப்பில் இல்லை. மார்ச் 3 பொம்மை விழா இல்லை. தனபாதா இல்லை. நவம்பர் 15ஐ ஒட்டி மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் நாள் இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவில் புத்தர் கோயில்களில் 108 முறை மணி அடிக்கும் நாளும் இல்லை. நாடே மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும் ஓபோன்கூட இல்லை. கம்பெனிகள் தாங்களாகவே மூடிவிடுகின்றன. பழைய ஐந்து பருவப் பண்டிகைகளில் இன்று தேசிய விடுமுறையாக இருப்பது மே 5 ஒன்றுதான், அதுவும் குழந்தைகள் தினம் என்ற பெயரில்.

ஆகஸ்ட் 13, யோகோஹாமா

ஓபோன் தொடங்கும் நாள். இதற்காகத்தான் வடக்கிலிருந்து திரும்பி வந்தோம். அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பதை நெருங்கும். கணவர் போய்ச் சில வருடம் ஆகிறது. "மாலையில் வாருங்கள், அவர் வருவார்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்.

உள்ளறையில் வீட்டுப் பூஜை மாடத்துக்கு முன்னால் சின்ன மேசை. கோரைப் பாய். தாமரை இலைமேல் பொடியாக நறுக்கிய கத்தரிக்காயும் வெள்ளரியும் பச்சரிசியோடு கலந்து வைத்திருந்தார். முலாம்பழம், சோமென் நூடுல்ஸ், அவர் விரும்பிக் குடிக்கும் காப்பி. இந்த நாட்களில் படையலில் மீனும் கறியும் கூடாது. ஓரத்தில் நாலு குச்சிக்கால் வைத்த ஒரு வெள்ளரிக்காய், நாலு குச்சிக்கால் வைத்த ஒரு கத்தரிக்காய். வெள்ளரி குதிரை: வரும்போது வேகமாக வரட்டும். கத்தரி மாடு: திரும்பும்போது மெதுவாகப் போகட்டும். கால்கள் சணல் தண்டு. அந்தத் தண்டையே வாசலில் ஒரு மண் தட்டில் வைத்து எரித்தார். பத்து நிமிடம்கூட எரியவில்லை. புகை தெருவுக்குப் போனது. "வாங்க, உள்ளே வாங்க" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்து உள்ளே போனார். செருப்பைத் திருப்பி வைத்து, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்ற அந்த ஒரு விநாடியை நான் பார்த்தேன்.

இதன் பின்னால் இருக்கும் கதை இந்தியாவிலிருந்து வந்தது. புத்தரின் இரண்டு தலைமைச் சீடர்களில் ஒருவர் மௌத்கல்யாயனர், ஜப்பானியருக்கு மொகுரென். பேயுலகில் தன் தாய் பசியால் வாடுவதைக் காண்கிறார். அவர் கொடுக்கும் சோறு வாய்க்குப் போகுமுன் தீயாகிறது. மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்கு ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் உணவிடு என்கிறார் புத்தர். தாய் விடுபடுகிறாள். ஜப்பானில் இந்தச் சடங்கு நடந்ததற்கு 657ஆம் ஆண்டிலேயே பதிவு உண்டு.

"நம்ம ஆடி அமாவாசைதானேடா இது" என்றாள் அக்கா. காலமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நாம் எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, மதியத்துக்குள் முடித்துவிடுகிறோம். இவர்கள் மூன்று இரவு தங்க வைக்கிறார்கள். காலையில் டீ, இரவில் சோறு, நடுவில் பேச்சு. அந்த அம்மாள் காப்பிக் கோப்பையை மாற்றி வைத்தபோது, "இவருக்கு ஆறினால் பிடிக்காது" என்றார்.

ஆகஸ்ட் 14, குஜோ ஹச்சிமான்

நோஸோமி ரயில்களில் இந்த நாட்களில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். அப்படியும் நடைமேடையில் பரிசுப் பெட்டியும் குழந்தையுமாகக் கூட்டம். நகோயா, அங்கிருந்து மினோ ஓத்தா, அப்புறம் நகாராகாவா ரயில்வேயின் ஒற்றைப் பெட்டி வண்டி, ஆற்றை ஒட்டியே ஊர்கிறது.

குஜோவில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர்த் தொடக்கம்வரை சுமார் முப்பது இரவுகள் ஆடுகிறார்கள். அதில் 13 முதல் 16 வரையான நாலு இரவு மட்டும் விடியும்வரை. முன்னோர் ஊரில் இருக்கும் நாட்கள் அல்லவா. தெரு நடுவில் மர மேடை, அதில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும், சுற்றி வட்டமாக ஆட்டம். மேடை ஏறி ஆடுகிறவர் என்று யாருமில்லை, பார்வையாளர் வரிசை என்று ஒன்றுமில்லை. பத்து ஆட்டங்கள். முன்னால் போகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு போனால் நாலாவது சுற்றில் உடம்புக்கு வந்துவிடும். ஹினோகிக் கட்டையில் செய்த கெதாச் செருப்பு வாங்கிக்கொண்டோம். நூற்றுக்கணக்கான கட்டைச் செருப்புகள் ஒரே நொடியில் தார்ச்சாலையில் இறங்கும் ஒலிதான் இங்கே முரசு. 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 41 வீதி ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

விடியும் நேரத்தில் கடைசிப் பாட்டு. அதற்கு வாத்தியம் கிடையாது, குரலும் கட்டைத் தாளமும் மட்டும். முடிந்ததும் எல்லோரும் ஒருவருக்கொருவர் "களைப்பாக இருக்கும், நன்றி" என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

ஆகஸ்ட் 15

நண்பகல்வரை தூங்கினோம். போர் முடிந்த நாள். சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கோஷியென் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஆகஸ்ட் 16, கியோட்டோ

ஜூலை முழுக்கக் கியோன் விழாவில் திளைத்த நகரம். 869இல் கொள்ளைநோய் பரவியபோது தொடங்கிய விழா அது. அது முடிந்த கையோடு இது: வந்த முன்னோரை வழியனுப்ப மலைகளில் தீயால் எழுத்து எழுதும் இரவு.

வெள்ளி மண்டபக் கோயிலான கின்காகுஜியின் (Ginkaku-ji) வாசலில் விறகுச் சில்லுகள் தருகிறார்கள். போனவர் பெயரையோ நோய்ப்பட்டவர் பெயரையோ எழுதிக் கொடுத்தால் இரவு மலைமேல் தீயோடு எரிப்பார்கள். "தமிழில் எழுதலாமா?" என்று அக்கா கேட்டாள். தூரிகையைக் கொடுத்த பெரியவர், உங்கள் ஆட்கள் படிக்கிற எழுத்தில் எழுதுங்கள் என்றார். அப்பத்தாவின் பெயரை எழுதினோம்.

காமோ ஆற்றின் கரையில் ஆறு மணிக்கே இடம் பிடித்தாயிற்று. எட்டு மணிக்குக் கிழக்கு மலையில் முதல் புள்ளி, அடுத்த விநாடிகளில் கோடு, பிறகு முழு எழுத்து: 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து. 75 தீமேடைகள். குறுக்குக் கோடு 80 மீட்டர், இடப்பக்க நீளக் கோடு 160, வலப்பக்கம் 120. செம்பைன் விறகு. ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் மற்ற மலைகளில் வேறு இரண்டு எழுத்துகள், ஒரு படகு, இன்னொரு 'பெரிய', கடைசியாக 8.20க்கு ஒரு கோயில் தோரணம். எங்கள் இடத்திலிருந்து முதல் எழுத்துதான் முழுசாகத் தெரிந்தது. அது போதும். வந்தவர்கள் இந்த வெளிச்சத்தில் திரும்பிப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு அம்மா, மடியிலிருந்த குழந்தையின் இரு கையையும் சேர்த்துக் கும்பிட வைத்தாள். "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு." குழந்தை மலையைப் பார்த்துக் கையை ஆட்டியது.

1603ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே மலைத் தீ பற்றிச் செய்தி உண்டு. முன்பு வேறு சில மலைகளிலும் எரிந்து, பிறகு நின்றுபோயின. 1943இல் போர் காரணமாக இரவில் தீ கூடாது என்றானபோது, கியோட்டோ மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் மலையேறி, தீமேடைகள் இருந்த இடத்தில் தாங்களே அந்த எழுத்தாக நின்றார்கள். இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்த எழுத்தைப் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 17, கியோட்டோ

காலையில் மலையேறினோம். கின்காகுஜி பின்புறப் பாதையில் முக்கால் மணி நேரத்துக்குள் மேடைகளை எட்டலாம். எங்களுக்கு முன்பே நிறையப் பேர் பையோடு வந்திருந்தார்கள். எரிந்து மிஞ்சிய கரியைப் பொறுக்கி, வெள்ளைத் தாளில் சுற்றி வீட்டு வாசலில் தொங்கவிட்டால் நோய் நொடி, திருட்டு அண்டாது என்பது நம்பிக்கை. நாங்களும் கட்டைவிரல் அளவு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டோம். கீழே நகரம் முழுக்க விரிந்து கிடக்கிறது, தீ ஏன் எல்லாருக்கும் தெரிகிறது என்பது மேலே நின்றால்தான் புரியும்.

வர நினைப்பவர்களுக்கு: வடக்கத்தி ஊர்களில் அறை வேண்டுமானால் பல மாதம் முன்பே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மணி ரயில் தூரத்து ஊரில் தங்கலாம். ஒரே ஒரு வடக்கு விழாதான் முடியும் என்றால் அகிதா. முடிந்தால் 13ஆம் தேதி யாராவது ஒருவர் வீட்டில் இருக்கப் பாருங்கள், இல்லையென்றாலும் 16 இரவு கியோட்டோவைத் தவறவிடாதீர்கள். இறங்கி வரும்போது சந்துகளில் ஜிஸோ போனுக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 23, 24ஐ ஒட்டித் தெருமுனையில் இருக்கும், குழந்தைகளின் காவல் தெய்வமான ஜிஸோவின் சிலைக்கு விளக்குக் கட்டி, குழந்தைகளுக்குத் தின்பண்டமும் விளையாட்டும். அக்காவுக்கு லீவு கிடைத்துவிட்டது. அதுவரை இங்கேயே இருக்கப் போகிறோம்.